நிலுவையில் இருந்த பெயர்கள்

நான் வேலை பார்த்த அலுவலகத்தில் இப்போது பழைய கோப்புகளை எல்லாம் இயந்திரத்தில் வைத்துப் படம் எடுக்கிறார்களாம். அந்த வேலையில் இருக்கும் இரண்டு பேர் போன மாதம் என்னைப் பார்க்க வந்தார்கள். மூட்டை கட்டியது, செல்லரித்தது என்று கதை பேசிக்கொண்டிருக்கும்போது, "ஐயா, உங்களுக்கு ஹிஸ்டரில எப்பிடி இன்ட்ரஸ்ட் வந்துச்சி?" என்று அதில் ஒருவர் கேட்டார். சிதம்பரம் கோயில் கல்வெட்டு, கடலூர்ப் பழைய கோட்டை என்று ஏதாவது சொல்வேன் என எதிர்பார்த்திருப்பார். "ஒரு யூதப் பொம்பளையப் பத்தின நாவல் படிச்சி வந்திச்சி" என்றேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கிழவனுக்கு எண்பது தாண்டிவிட்டது, பாவம் என்று நினைத்திருக்கலாம். காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் பாதிதான். மீதியைச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கே தலை சுற்றும் என்பதால் நிறுத்திக்கொண்டேன். இத்தனை வருடம் கழித்தும் அதில் நான் செய்தது சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. எழுதிப் பார்த்தால் தெளியுமோ என்று உட்கார்ந்திருக்கிறேன். தெளியாவிட்டால் என்னைக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சர்க்கார் அலுவலகம். எது என்று சொல்லப்போவதில்லை. அறுபத்தொன்றில் அதன் ரெக்கார்டு ரூமில் கிளார்க்காகச் சேர்ந்தேன். முதல் மூன்று மாதம் கற்றுக்கொண்டது கட்டு கட்டுவது மட்டும்தான். கோப்புகளை அட்டைக்கு நடுவில் வைத்துத் துணியில் சுற்றி நாடாவால் முடிச்சுப் போட வேண்டும். இழுத்தால் ஒரே இழுப்பில் அவிழ வேண்டும். தானாக அவிழக் கூடாது. என் மேலதிகாரி ராவ் சார் அதில் விரலை விட்டுப் பார்ப்பார். விரல் நுழைந்தால் முடிச்சு தளர்ச்சி. நுழையவில்லை என்றால் இறுக்கம், அட்டை வளையும். அவர் விரலுக்கு எது சரியான அளவு என்பது எனக்குப் பிடிபட ஒரு வருடம் ஆயிற்று.

ராவ் சார் ஒல்லியான மனிதர். கோபமே வராது. அதுதான் பயமாக இருக்கும். தப்புச் செய்தால் நம்மைப் பார்க்காமல் அலமாரியைப் பார்த்துப் பேசுவார். "சிவலிங்கத்துக்கு ஒடம்பு சரியில்ல போலிருக்கு" என்று அலமாரியிடம் சொல்வார். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பேன்.

அவருடைய முதல் கட்டளை, கோப்புக்குள்ளே படிக்கக் கூடாது என்பது. மேல்தாளில் எண், வருடம், பொருள், ஓர் ஆங்கில எழுத்து ஆகிய நான்கும் இருக்கும். அந்த எழுத்துதான் கோப்பின் ஆயுசு. 'ஆர்' போட்டிருந்தால் என்றைக்கும் வைக்க வேண்டும். 'டி' என்றால் பத்து வருடம். 'எல்' என்றால் ஒரு வருடம். விசாரணை முடிந்த அன்றைக்கு அதை நடத்திய அதிகாரி போடுகிற எழுத்து அது. காலம் முடிந்த கோப்புகளைப் பட்டியல் எழுதி, பெரிய அதிகாரியிடம் கையெழுத்து வாங்கி, நான்காகக் கிழித்து, பின்பக்க மைதானத்தில் பகலில் எரித்துவிடுவோம். எரிப்பது என்று ராவ் சார் சொல்லமாட்டார். 'கழிவு' என்பார்.

"உள்ள படிக்க ஆரம்பிச்சா எதையும் கழிக்கத் தோணாது. அப்புறம் கூரை வரைக்கும் காகிதம்தான். நமக்கு ஒக்கார எடம் இருக்காது" என்பார். நியாயமாகத்தான் இருந்தது. ஐந்து வருடத்தில் எத்தனை மூட்டை கழித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒன்றையும் படித்ததில்லை.

என் மனைவியின் ஊர் சிதம்பரம். கல்யாணத்துக்குப் பிறகு அங்கேதான் குடியிருந்தேன். தினமும் காலை பாசஞ்சரில் திருப்பாதிரிப்புலியூர் வந்து இறங்கி மஞ்சக்குப்பத்துக்குப் போக வேண்டும். கிள்ளை, பரங்கிப்பேட்டை, புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் என்று வண்டி எல்லா இடத்திலும் நின்று பெருமூச்சு விட்டுக்கொண்டு வரும். பொழுது போக வேண்டுமே என்று சிதம்பரம் ரயிலடியில் பழைய புத்தகம் விற்பவரிடம் எதையாவது வாங்கிக்கொள்வேன். அறுபத்தாறில் அப்படி வாங்கியதுதான் அந்த நாவல். மொழிபெயர்ப்பு. முன் அட்டை இல்லை, முதல் சில தாள் இல்லை. கடைசிப் பக்கங்களும் இல்லை என்பது வாங்கும்போது தெரியவில்லை. அதனால் அதன் பெயரும் எழுதியவர் பெயரும் எனக்கு இன்றுவரை தெரியாது.

ராகேல் என்று ஒரு பெண். குளிர் நாட்டில் ஏதோ ஒரு சின்ன ஊரில் தையற்காரன் மனைவி. யூதர்கள் என்பதற்காக ஊரோடு பிடித்துக் கூட்ஸ் வண்டியில் அடைத்துக் கொண்டுபோகிறார்கள். புருஷனை ஒரு பக்கம் தள்ளுகிறார்கள், இவளை ஒரு பக்கம். முகாமில் இவளுக்குக் கொடுத்த வேலை கோட்டுகளிலிருந்து பொத்தான் அறுப்பது. செத்தவர்களின் கோட்டுகள். ஒரு நாள் ஒரு கோட்டை எடுக்கிறாள். கறுப்புப் பொத்தான், ஆனால் நீல நூலில் தைத்திருக்கிறது. வீட்டில் கறுப்பு நூல் தீர்ந்துபோன ஒரு நாள் அவள் கையாலேயே தைத்தது. காவற்காரி பார்ப்பதற்குள் அந்தப் பொத்தானை வாயில் போட்டு அடக்கிக்கொள்கிறாள்.

இந்த இடத்தைப் படித்தபோது வண்டி பரங்கிப்பேட்டையில் நின்றிருந்தது. என் பெட்டியிலும் ஆட்கள் அடைசலாகத்தான் நின்றார்கள். கருவாட்டுக் கூடை ஒன்று என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது. நான் புத்தகத்தை மூடிவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கருவாட்டினால் இல்லை.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது ராகேல் இல்லை. வண்டி ஏறும்போது பெயர் எழுதிக்கொள்கிற ஒரு கிளார்க். கதையில் அவனுக்கு இரண்டு பக்கம்தான். கெட்டவன் என்று சொல்லக்கூட முடியாது. மரியாதையாகப் பேசுகிறான். "பெயரைச் சரியாகச் சொல்லுங்கள் அம்மா, தவறாக எழுதிவிடக் கூடாது" என்கிறான். பென்சில் மழுங்கினால் நிறுத்திச் சீவிக்கொள்கிறான். மேல்தாளை மட்டும் பார்க்கிறான், உள்ளே படிக்கவில்லை. அவனை எனக்கு நன்றாகத் தெரியும். ராவ் சார் அவனை உடனே வேலைக்கு எடுத்துக்கொள்வார்.

இது நடந்ததா, கட்டுக்கதையா என்று எனக்குத் தெரியவில்லை. ஜெர்மன்காரன் வெள்ளைக்காரனை உதைத்தான் என்று என் அப்பா சந்தோஷப்பட்டுப் பேசி நான் கேட்டிருக்கிறேன். எங்கள் தெருவே அப்படித்தான். அவன் இப்படியும் செய்தான் என்று யாரும் சொல்லவில்லை. என் மனைவியின் தம்பி இளங்கோவன் சிதம்பரத்தில் வரலாற்று டியூட்டராக இருந்தான். அவனைக் கேட்டேன்.

"எல்லாம் நெஜந்தான் மாமா. கதைல வர்றதவிட ஜாஸ்தி நடந்திருக்கு."

"நீ காலேஜில சொல்லிக் குடுக்கறியா மச்சான்?"

"சிலபஸ்ல ஒரு வரி வருது மாமா. அதுக்குள்ள டேர்ம் முடிஞ்சிடுது" என்றான்.

எனக்கு அதுவும் புரியவில்லை. ஒரு வரியை எப்படிப் படித்துவிட்டுப் போவது? அந்த வாரத்திலிருந்து நான் ராவ் சாரின் முதல் கட்டளையை மீற ஆரம்பித்தேன். கழிவுக்குப் பட்டியல் எழுதும்போதும், பட்டியலானவற்றை மூட்டை கட்டும்போதும், அவர் சாப்பிடப் போகிற நேரம் பார்த்துக் கோப்புகளைப் பிரித்துப் படித்தேன். பெரும்பாலும் குப்பைதான். ஏரிக் கலங்கல் தகராறு, பள்ளிக்கூடக் கூரைக்கு ஓலை, ஒரு மணியக்காரர் இன்னொரு மணியக்காரர் மேல் எழுதிய பதினோரு புகார். ஆனாலும் படிக்கப் படிக்க நிறுத்த முடியவில்லை. வேலை தேங்கியது. ராவ் சார் அலமாரியிடம் என் உடம்பைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினார்.

அப்படி ஒரு கழிவு மூட்டையைப் பிரித்துப் படிக்கும்போதுதான் அந்தக் கோப்பு வந்தது. நாற்பத்தாறாம் வருடத்தது. மேல்தாளில், "மலேயாவிலிருந்து திரும்பியவர் வாக்குமூலம்" என்று பொருள். கீழே 'டி'. பத்து வருடம் முடிந்து இன்னொரு பத்து வருடமும் ஆகிவிட்டிருந்தது. ஆள் பற்றாக்குறையால் தப்பித்துக் கிடந்திருக்கிறது.

கிள்ளைப் பக்கத்து ஆள் ஒருவர், அப்பாவு என்று பெயர், தாசில்தார் முன்னால் சொன்னதை எழுதி வாங்கியிருந்தார்கள். ரப்பர்த் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்களை ஜப்பான்காரர்கள் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். கூட்ஸ் வண்டியில் நிற்க வைத்து அடைத்துக் கொண்டுபோனார்கள். காட்டில் மழையில் மூங்கில் கொட்டகை. வாந்திபேதி வந்தவனைத் தனிக் கொட்டகையில் போட்டுவிடுவார்கள். அங்கிருந்து யாரும் திரும்பவில்லை. "நம் பக்கத்து ஆட்களில் என் கையால் புதைத்தவர்கள், எரித்தவர்கள் பெயர் இவை" என்று இருபதுக்கு மேல் பெயர் சொல்லியிருந்தார். முக்கால்வாசிக்கு ஊர் இல்லை. 'கடலூர்ப் பக்கம்', 'ஆற்றுக்கு அந்தாண்டை' என்று அவருக்குத் தெரிந்தவரை. ஒரே ஒரு பெயருக்கு மட்டும் முழு விவரம்: தேவனாம்பட்டினம் முத்துவேலு, மனைவி அஞ்சலை, ஒரு பெண் குழந்தை.

தாசில்தார் கடைசியில் இரண்டு வரி எழுதியிருந்தார். மனுதாரர் எந்த நிவாரணமும் கோரவில்லை. பெயர்கள் எழுதப்பட வேண்டும் என்று மட்டுமே கேட்கிறார். மேல் நடவடிக்கை தேவையில்லை.

நான் அதை மூன்று தடவை படித்தேன். எனக்கு அப்போது வந்த முதல் எண்ணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஜப்பான்காரன் நம் பக்கம் இல்லையா என்பதுதான் அது. நாற்பத்தாறில் எனக்கு ஏழு வயது. கடல் கடந்து, ஜப்பான்காரனோடு சேர்ந்து வெள்ளைக்காரனை எதிர்த்த விடுதலைப் படையில் இருந்து திரும்பியவர்களுக்கு எங்கள் ஊரில் மாலை போட்டதைப் பார்த்திருக்கிறேன். அந்த மாலைக் கூட்டத்துக்கு நடுவில் இந்த அப்பாவு எதைப் போய்ச் சொல்லியிருப்பார்? யார் கேட்டிருப்பார்கள்? அந்தக் குளிர் நாட்டுக் கதை படித்து நான் அழுதிருந்தேன். அதே வருடங்களில் அதே மாதிரி வண்டியில் கிள்ளைக்காரன் போனது எனக்குத் தெரியாது.

இரண்டாவது எண்ணம் அஞ்சலையைப் பற்றி. அவளை எனக்குத் தெரியும். எங்கள் அலுவலகத்தில் பெருக்கித் தண்ணீர் பிடித்து வைப்பவள் அவள்தான். தேவனாம்பட்டினத்திலிருந்து நடந்து வருவாள். நாற்பத்தெட்டு, ஐம்பது வயது இருக்கும். நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம். "எங்கூட்டுக்காரர் மலேயாவுல இருக்காரு" என்பாள். யாரும் மேலே கேட்க மாட்டார்கள். கழிவு நாளில் கிழித்த காகிதத்துக்கு நெருப்பு வைத்து, ஆறிய பிறகு சாம்பலைக் கூட்டி அள்ளுவதும் அவள்தான். இந்தத் தடவை எரிக்க வேண்டிய பட்டியலில் இந்தக் கோப்பும் இருந்தது. பட்டியல் ஏற்கெனவே கையெழுத்தாகிவிட்டது. பதினைந்து நாளில், ஒரு வெள்ளிக்கிழமை, கழிவு.

இளங்கோவனிடம் சொன்னேன். குதித்தான். "எடுத்துக்கினு வந்துடுங்க மாமா, பையில போட்டு!" என்றான். சர்க்கார் கோப்பைத் திருடிக்கொண்டு வரச் சொல்கிறான். முடியாது என்றேன். ஞாயிற்றுக்கிழமை கிள்ளைக்குப் போய் அப்பாவுவை விசாரித்தேன். ஊர் திரும்பி நாலைந்து வருடத்திலேயே போய்விட்டாராம். தனி ஆள், சொந்தம் என்று யாருமில்லை. அவர் சொன்ன பெயர்களை நானே ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டால் என்ன என்று யோசித்தேன். பயந்து பயந்து ராவ் சாரிடமே போய்க் கேட்டேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. அலமாரியையும் பார்க்கவில்லை. கோப்பை வாங்கி நின்றுகொண்டே முழுவதும் படித்தார். அவர் ஒரு கோப்பின் உள்ளே படித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"நீ எழுதிக்கிட்டா அது ஒன் நோட்டு. சர்க்கார் முத்திரை இல்லாத பேர் கதை மாதிரிதான். நாளைக்கு எவனாவது இப்பிடியெல்லாம் நடக்கவே இல்லம்பான். நீ என்ன காட்டுவே?"

"எழுத்த மாத்தி 'ஆர்' போட முடியாதா சார்?"

"தாசில்தார் போட்ட எழுத்த மாத்த நான் யாரு, நீ யாரு?" என்றவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரூல் ஒண்ணு இருக்கு. ரூலத்தான் சொல்றேன், வேற ஒண்ணும் சொல்லல. சம்பந்தப்பட்டவங்க நகல் கேட்டு மனு போட்டா, அந்த மனு முடியற வரைக்கும் கோப்பக் கழிக்கக் கூடாது."

"சம்பந்தப்பட்டவங்கன்னா?"

"செத்தவனோட பொண்டாட்டி புள்ளைங்க."

இப்போது புரிகிறதா என் நிலைமை? கோப்பைக் காப்பாற்ற வேண்டுமானால் அஞ்சலை மனுப் போட வேண்டும். மனுவில், காலஞ்சென்ற முத்துவேலுவின் விதவை என்று எழுத வேண்டும். அதற்கு முன்னால் அவளிடம் போய், உன் புருஷன் மலேயாவில் இல்லை, இருபத்து மூன்று வருடத்துக்கு முன்னால் காட்டில் செத்துவிட்டான் என்று நான் சொல்ல வேண்டும். ஒரு காகிதத்துக்காக ஒரு பெண்ணின் பொட்டை அழிக்க எனக்கு என்ன உரிமை? சொல்லாமல் விட்டால், அவளே அந்தப் பெயருக்கு நெருப்பு வைத்துக் கூட்டி அள்ளிக் கொட்டுவாள். எது பெரிய பாவம் என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

நேராகச் சொல்லத் தைரியம் இல்லாமல் ஒரு கோமாளித்தனம் செய்தேன். மத்தியானம் அவள் தண்ணீர் வைக்க வரும்போது, அந்த நாவலைக் கதையாகச் சொல்ல ஆரம்பித்தேன். கேட்டுக் கேட்டு மனசு பக்குவப்படும், அப்புறம் விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று என் கணக்கு. அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து கேட்டாள். அடுத்த நாள் அவளே, "அந்தப் பொம்பள இன்னா ஆனா சார்?" என்று வந்தாள்.

பொத்தானை வாயில் அடக்கிய இடத்தில் அவள் இடைமறித்தாள். "முழுங்கிட்டாளா?" என்று கேட்டாள்.

"இல்ல. கடைசி வரைக்கும் வச்சிருந்தா."

"அதானே" என்றாள்.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை கதை முடியும் இடத்துக்கு வந்துவிட்டது. சண்டை ஓய்ந்து ராகேல் உயிரோடு வெளியே வருகிறாள். ஒரு ரயில் நிலையச் சுவர் முழுக்கப் பெயர்ப் பட்டியல்கள் ஒட்டியிருக்கிறார்கள். உயிரோடு இருப்பவர்கள் பட்டியல் ஒரு பக்கம், இறந்தவர்கள் பட்டியல் ஒரு பக்கம். நூற்றுக்கணக்கான பெண்கள் சுவரில் விரலை வைத்துத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இவளுக்குப் புருஷன் செத்தது தெரியும். இருந்தாலும் போய் நிற்கிறாள்.

"பேரு இருந்திச்சா?"

"தெரியல அஞ்சலை. அதுக்கப்புறம் பக்கமே இல்ல. கிழிஞ்சிப் போயிருக்கு."

"இன்னா சார் இது, இத்தினி நாளு சொல்லிட்டு!" என்று உண்மையாகவே கோபித்துக்கொண்டாள். இதைவிட்டால் நேரம் இல்லை என்று நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டேன். கோப்பு, அப்பாவு, சயாம், முத்துவேலு எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள், மயங்கி விழுவாள் என்று பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பைக்கூட எடுத்து வைத்திருந்தேன்.

அஞ்சலை சொம்பைத் தள்ளி வைத்தாள். "அந்த ஆளு மொதல்ல எங்கூட்டுக்குத்தான் சார் வந்தாரு" என்றாள்.

"யாரு, அப்பாவுவா?" என்றேன்.

"கால்ல புண்ணோட வந்தாரு. எல்லாத்தயும் சொன்னாரு. எம்மாமியா செத்து ஒரு மாசங்கூட ஆவல. பொண்ணுக்கு எட்டு வயசு. கடலுக்குப் போயி காணாமப் போனவனுக்கே ஊரு கூடி இல்லன்னு சொன்னாத்தான் எங்க பக்கம் தாலி எறக்குவாங்க. ஒடம்பும் வல்ல, ஊரும் சொல்லல. நீயும் வெளிய சொல்லாதய்யான்னு கைய எடுத்துக் கும்புட்டேன். செரிம்மான்னு போயிட்டாரு. சர்க்காருல போயி சொல்லி வச்சிருக்காருன்னு இப்பத்தான் தெரியுது."

"இருபது வருஷமா தெரிஞ்சேவா பொட்டு..."

"பொட்டு இல்லன்னா எம்பொண்ணு நெத்தில ஒரு பொட்டு நான் வெக்க முடியுமா? கல்யாணத்துல முன்ன நிக்க முடியுமா? நின்னேன் சார். வர்ற ஞாயித்திக்கெழம அவளுக்கு வளகாப்பு. எட்டு வருஷங்கழிச்சி வவுத்துல வந்திருக்கு. மொத வளையல் நாந்தான் போடணும்னு சொல்லிக்கிட்டிருக்கா."

இதற்கு மேல் மனுப் போடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. "மனு கினு ஒண்ணும் வேணாம் அஞ்சலை, மறந்துடு" என்றேன். அவள்தான் விடாமல் கேட்டாள். என்ன மனு, எதற்கு, போடாவிட்டால் என்ன ஆகும் என்று. சொன்னேன்.

"நெருப்பு வெக்கிறது திங்கக்கெழம வச்சிக்கலாமா?" என்று கேட்டாள். அதற்குள் வளைகாப்பு முடிந்துவிடும்.

ராவ் சாரிடம் போய்க் கேட்டேன். கையெழுத்தான தேதியை மாற்ற முடியாது என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னார். வந்து அவளிடம் சொன்னேன். சரி என்று துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். புதன்கிழமை அவள் வேலைக்கு வரவில்லை. எனக்கு ஒரு வகையில் நிம்மதியாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அவள் தன் பெண் பக்கம் நின்றாள், அதுதான் நியாயம், காகிதம் போனால் போகட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு நகல் பிரிவு ஜன்னல் முன்னால் வரிசையில் அஞ்சலை நின்றுகொண்டிருந்தாள். கையில், வெளியே உட்கார்ந்திருக்கும் மனு எழுதுபவரிடம் எழுதி வாங்கிய காகிதம். அதில் புருஷன் பெயர் இடம் காலியாக இருந்தது. எங்கள் பக்கத்தில் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். துணைக்கு வருகிற யாராவது சொல்வார்கள். இவள் தனியாக வந்திருந்தாள்.

"கணவர் பேரு? யாராவது சொல்லுங்கம்மா, பின்னால கூட்டம் நிக்குது" என்று ஜன்னலுக்குள்ளிருந்து குமாஸ்தா அவசரப்படுத்தினார். வரிசையில் தேவனாம்பட்டினத்து ஆட்களும் நாலைந்து பேர் இருந்தார்கள். நான் ஓடிப்போய்ச் சொல்ல வாயைத் திறந்தேன். அஞ்சலை கையைக் காட்டி என்னை நிறுத்தினாள்.

"முத்துவேலு" என்றாள். பிறகு இன்னும் கொஞ்சம் உரக்க, "செத்துப் பூட்டாரு. சயாமுல. ரயிலு ரோடு போடசொல்ல" என்றாள்.

தேவனாம்பட்டினத்து ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். குமாஸ்தா எழுதிக்கொண்டார். அவள் பெருவிரலில் மையைத் தடவி அழுத்தினாள்.

வெராந்தாவில் அவளைப் பிடித்து, "ஏன் இப்படிப் பண்ணே? வளகாப்பு?" என்று கேட்டேன். என் குரலில் கோபம் இருந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

"அந்தக் கதையில அவ்ளோ பொம்பளைங்க செவுத்துல வெரல வச்சித் தேடுறாங்கல்ல சார். எனக்காச்சும் ஒரு ஆளு வந்து சொன்னாரு. அந்தக் காயிதத்துல இருக்கிற மத்தவனுங்க பொண்டாட்டிங்களுக்கு யாரு சொன்னா?" என்றாள். முந்தானையால் மை விரலைத் துடைத்துக்கொண்டே போனாள்.

வெள்ளிக்கிழமை மற்ற மூட்டைகள் எரிந்தன. அவள்தான் நெருப்பு வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை வளைகாப்புக்கு என்னையும் அழைத்திருந்ததால் போனேன். போகாமலே இருந்திருக்கலாம். செய்தி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. பெரியவர்கள் சனிக்கிழமையே கூடி முடிவு செய்துவிட்டார்கள். முதல் வளையலை அஞ்சலையின் நாத்தனார் போட்டாள். அஞ்சலை வெறும் நெற்றியோடு கொட்டகைக்குப் பின்னால் அடுப்படியில் புளிச்சோறு கிளறிக்கொண்டிருந்தாள். பெண் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. சாப்பிட இலை போட்டார்கள். நான் உட்காராமல் கிளம்பிவிட்டேன்.

இதற்குள் ராவ் சாருக்கு இன்னொரு சிக்கல் புரிந்திருந்தது. நகல் கொடுத்துவிட்டால் மனு முடிந்துவிடும். மனு முடிந்தால் அடுத்த கழிவில் கோப்பு போய்விடும். ஆகவே நகல் கொடுக்கக் கூடாது. அவர் பல வருடமாக எங்களைத் திட்டித் திருத்திவந்த தாமதத்தை அவரே கையில் எடுத்தார். மற்ற பெயர்களுக்கு ஊர் விவரம் கேட்டு ஒரு குறிப்பு. அதற்குப் பதில் வராததால் ஒரு நினைவூட்டு. நினைவூட்டுக்கு ஒரு நினைவூட்டு. அவர் ஓய்வு பெறும்வரை மனு நிலுவையில் இருந்தது. பிறகு நான் ஓய்வு பெறும்வரை நிலுவையில் வைத்தேன். எனக்குப் பின் வந்தவரிடம் காதில் சொல்லிவிட்டு வந்தேன். ஒரு பெண்ணின் மனுவை முப்பது வருடம் வேண்டுமென்றே இழுத்தடித்தது என் உத்தியோகத்தில் நான் செய்த ஒரே உருப்படியான வேலையாக இருக்கலாம். பெரிய அநியாயமாகவும் இருக்கலாம். அவளுடைய பெண் இரண்டு வருடம் அவளோடு பேசவில்லை என்று கேள்விப்பட்டேன்.

வளைகாப்புக்கு மறுநாள் திங்கட்கிழமை, ராவ் சார் சாப்பிடப் போன நேரத்தில் அஞ்சலை ரெக்கார்டு ரூமுக்கு வந்தாள். நகல் கிடைக்காது என்பதையும் அதற்குக் காரணத்தையும் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "குடுக்க வேணாம் சார். எனக்கென்ன படிக்கவா தெரியும்? நீங்க படிச்சிக் காட்டுங்க" என்று தரையில் உட்கார்ந்தாள்.

கோப்பை எடுத்து முடிச்சை அவிழ்த்தேன். அவளுக்கு முதலில் வேண்டியது அதுதானே என்று பட்டியலின் நடுவில் விரல் வைத்து, "தேவனாம்பட்டினம் முத்துவேலு" என்று ஆரம்பித்தேன்.

"அது எனக்குத் தெரியும் சார்" என்றாள் அஞ்சலை. "மத்தவங்க பேரப் படிங்க."